கடையில் வாங்கலாமே என்பவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் நிறுத்திவிட்டுக் கருத்துப் போட வேண்டாம். முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுவதென்றால் திட்டுங்கள்.

எங்கள் பாடசாலையின் பின்பக்க அறையில் சனிக்கிழமைகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது ஊரில் சிலருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். ஏனென்றால் அது நிறுத்தப்பட்ட செய்தி, நடந்த செய்தியைவிட வேகமாகப் பரவிவிட்டது. உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகள் ஏழு பேரும் ஆசிரியர்கள் இரண்டு பேரும் சேர்ந்து, பழைய கொம்பியூட்டர் ஒன்றின் புரோசஸரைத் தண்ணீரால் குளிரவைக்கும் செம்புக் கட்டியொன்றைக் கையால் செய்துகொண்டிருந்தோம். வோட்டர் ப்ளொக் என்று சொல்வார்களே, அதுதான். போன மாதக் கூட்டத்தில் நிறுத்தச் சொன்னார்கள். அறை பூட்டப்பட்டது. இப்போது அதற்குள் பரிசளிப்பு விழாவுக்கு வாங்கிய கதிரைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன.

கூட்டத்தில் சொல்லப்பட்டவை மூன்று.

"இதக் கடையில வாங்கலாமே சேர்."

"புள்ளயளப் படிக்கத்தான் அனுப்புற, செம்பு அராவ இல்ல."

"தண்ணியும் கரண்டும் ஒண்டாச் சேர்ந்தா ஆரு பொறுப்பு?"

மூன்றுக்கும் அன்று பதில் சொல்ல நேரம் தரப்படவில்லை. அஸருக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிவிட்டார்கள். ஆகவே இங்கே சொல்கிறோம்.

முதலில் அந்தச் சாமான் என்னவென்று தெரிய வேண்டும். தெரியாமலேதான் பலர் கை உயர்த்தினார்கள்.

மேசைக் கொம்பியூட்டரின் புரோசஸர் முழுவேகத்தில் ஓடும்போது 65 வொட், 95 வொட், சில அதற்கும் மேலே வெப்பத்தை வெளிவிடும். முந்திய காலத்து 60 வொட் குண்டு பல்பை எரியும்போது தொட்டவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அவ்வளவு வெப்பமும் நகமளவு சிலிக்கன் துண்டிலிருந்து வருகிறது. அதை உடனுக்குடன் எடுத்துச் செல்லாவிட்டால் புரோசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், இன்னும் சூடானால் இயந்திரம் நின்றுவிடும். வழமையாக ஒரு விசிறி காற்றை ஊதி இந்த வேலையைச் செய்கிறது. ஒரு லீற்றர் காற்றை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 1.2 யூல் போதும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஏறத்தாழ 4200 யூல் வேண்டும். அதாவது அதே கனவளவுத் தண்ணீர், காற்றைவிட 3500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். தண்ணீரைப் புரோசஸர்வரை கொண்டுவந்து, அதில் ஒரு சொட்டும் படாமல் வெப்பத்தை மட்டும் வாங்கிச் செல்லவைக்கும் செம்புப் பெட்டிதான் வோட்டர் ப்ளொக்.

இனி முதலாவது கேள்வி. கடையில் வாங்கலாமே?

வாங்கலாம். நாம் மறுக்கவில்லை. கடையில் விற்கும் கட்டியில் மயிரிழைபோல மெல்லிய செம்புத் தகடுகள் நூற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். எங்கள் ஹெக்சோ பிளேட்டால் அப்படி வெட்ட முடியாது. எங்கள் கட்டி கடைக் கட்டியிடம் தோற்கும் என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். காசை மிச்சம் பிடிப்பதற்காகவும் இதைத் தொடங்கவில்லை. ஒரு கணக்கை எழுதிப் பார்ப்பதற்கும் அதைக் கையில் பிடித்துப் பார்ப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று காட்டத் தொடங்கினோம்.

நடந்ததைச் சொல்கிறோம், நீங்களே தீர்மானியுங்கள்.

நிமிடத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீர் ஓடுகிறது, புரோசஸர் 100 வொட் வெப்பம் தருகிறது என்றால் தண்ணீர் எத்தனை பாகை சூடாகும்? பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். ஒன்றரைப் பாகைகூட இல்லை. ஒரு பிள்ளை கேட்டது: "அப்ப சேர், தண்ணி சூடாகுறதே இல்ல. பிறகு புரோசஸர் ஏன் சூடாக இருக்கு?"

இந்தக் கேள்வி எந்த வினாத்தாளிலும் இல்லை. முழு விஷயமும் அதற்குள்தான் இருக்கிறது. தண்ணீர் வெப்பத்தைச் சுமக்கத் தயாராக நிற்கிறது. செம்பிலிருந்து தண்ணீருக்குள் வெப்பத்தை இறக்குவதுதான் சிக்கல். செம்போடு ஒட்டி ஓடும் மெல்லிய தண்ணீர்ப் படை கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கும். அதைத் தாண்டித்தான் வெப்பம் போக வேண்டும். ஆகவே தண்ணீர் தொடும் செம்பின் பரப்பைக் கூட்ட வேண்டும்.

பழைய இரும்புக் கடையில் சுவிட்ச் போர்ட் ஒன்றின் செம்புப் பட்டை கிடைத்தது. கிலோ விலைக்கு வாங்கினோம். 40 மில்லிமீற்றர் சதுரமாக வெட்டினோம். தட்டையாக விட்டால் பரப்பு 1600 சதுர மில்லிமீற்றர். அதில் ஒரு மில்லிமீற்றர் அகலம், 5 மில்லிமீற்றர் ஆழத்தில் 12 பள்ளங்கள் வெட்டினால்? பள்ளங்களின் சுவர்கள் மட்டும் 4800. அடித்தளங்கள் 480. மொத்தம் 5280. மூன்று மடங்குக்கு மேல். பெருக்கல் தெரிந்தால் போதும். ஆனால் அந்தப் பன்னிரண்டு பள்ளங்களையும் நேராக வெட்ட அவர்களுக்கு மூன்று சனிக்கிழமை சென்றது. ஆறு பிளேட் முறிந்தது. செம்பு மென்மையான உலோகம், பிளேட்டின் பல்லில் ஒட்டிக்கொள்ளும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கை சொல்லிக்கொடுத்தது.

அதை 3 மில்லிமீற்றர் செம்புத் தகடொன்றின் மேல் ஈயப்பற்று வைத்துப் பிடித்தோம். நெருப்பு வேலையை ஆசிரியர்களே செய்தோம். சுற்றிவர பெர்ஸ்பெக்ஸ் சட்டம், மேலே பெர்ஸ்பெக்ஸ் மூடி, நடுவில் ரப்பர், நாலு மூலையிலும் போல்ட். தகட்டின் அடிப்பக்கத்தைக் கண்ணாடியின் மேல் அரத்தாள் விரித்துத் தேய்த்தார்கள். முதலில் 400, பிறகு 800, பிறகு 1200. முகம் தெரியும்வரை.

பூட்டிப் பார்த்தோம். அறை வெப்பநிலை 32 பாகை. இருபது நிமிடம் முழுச் சுமை. பழைய விசிறியோடு 78 பாகை காட்டிய புரோசஸர், எங்கள் கட்டியோடு 81 காட்டியது.

விசிறியைவிட மோசம்! மூன்று மாத வேலை. ஒருவன் எழும்பி வெளியே போய்விட்டான்.

அடுத்த கிழமை அதே பிள்ளைகளில் ஒரு பெண் பிள்ளை இரசாயன ஆய்வுகூடத்திலிருந்து பொற்றாசியம் பரமங்கனேற்றுக் கரைசலைக் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்தாள். கட்டியைக் கழற்றி மேசையில் வைத்து, அதற்குள் ஓடும் தண்ணீரில் ஊசியால் அந்த ஊதா நிறத்தைச் செலுத்தினாள். பெர்ஸ்பெக்ஸ் மூடி வழியாக எல்லோரும் பார்த்தோம். நிறம் பள்ளங்களுக்குள் போகவே இல்லை. மூடிக்கும் செம்புக்கும் இடையில் நாங்கள் விட்டிருந்த 3 மில்லிமீற்றர் இடைவெளியால் மேலே மேலே ஓடி மறுபக்கம் வெளியேறியது. பன்னிரண்டு பள்ளங்களும் சேர்ந்து 60 சதுர மில்லிமீற்றர் வழி. மேலே உள்ள இடைவெளி 120. ஒடுங்கிய வழியும் அகன்ற வழியும் திறந்திருந்தால் தண்ணீர் எதால் போகும்? நாங்கள் கஷ்டப்பட்டு வெட்டிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நின்றதே தவிர ஓடவில்லை.

மூடியின் அடியில் 3 மில்லிமீற்றர் ரப்பர் தகடொன்றை ஒட்டி இடைவெளியை அடைத்தோம். மீண்டும் அதே அறை, அதே 32 பாகை, அதே இருபது நிமிடம். 59.

பெற்றோரே, கடையில் 59 பாகையை வாங்கலாம். அந்த 81 ஐ எந்தக் கடையில் வாங்குவீர்கள்? தன் பிழையைத் தானே தேடிப் பிடித்த அந்தப் பிள்ளையின் முகத்தை எந்த விலைக்கு வாங்குவீர்கள்?

இது எங்கள் புதுமையும் அல்ல. 1981 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் டக்கர்மன், பீஸ் என்ற இருவர் சிலிக்கனிலேயே 50 மைக்ரோமீற்றர் அகலமான நுண்கால்வாய்களை வெட்டி அதற்குள் தண்ணீர் ஓடவிட்டு, சதுர சென்ரிமீற்றருக்கு 790 வொட் வெப்பத்தை அகற்றிக் காட்டினார்கள். கால்வாய் ஒடுங்க ஒடுங்க வெப்பம் இலகுவாக இறங்கும் என்பதே அவர்களது கருத்து. எங்கள் பிள்ளைகள் ஹெக்சோவால் போய்ச் சேர்ந்ததும் அதே இடம்தான். அதற்கு முன்பே ஐபிஎம் நிறுவனத்தின் பெரிய கொம்பியூட்டர்கள் தண்ணீரால் குளிரூட்டப்பட்டன. 1998 இல் வந்த 300 மெகாஹேர்ட்ஸ் செலரொன் புரோசஸரை 450 இல் ஓட்டலாம் என்று கண்டுபிடித்த இளைஞர்கள் உலகமெங்கும் இந்த வேலையில் இறங்கினார்கள். அப்போது கடையில் அனேகமாக ஒன்றுமில்லை. வீட்டுப் பின்வளவில் செம்பைத் துளைத்தார்கள், மீன் தொட்டிப் பம்பியைப் பூட்டினார்கள், பழைய காரின் ஹீட்டரைக் கழற்றினார்கள். இன்று கடையில் கிடைக்கும் பொருள் அந்தப் பின்வளவுகளிலிருந்து வளர்ந்தது. செய்தவன் இருந்தபடியால்தான் விற்பவன் வந்தான்.

"வாங்கலாம்" என்ற சொல் எப்போதும் உண்மையாக இருப்பதில்லை என்பதை நமக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2022 ஐ மறந்துவிட்டோமா? மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கடதாசி இல்லாமல் மேல்மாகாணத்தில் தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டது. டொலர் இல்லை, சாமான் இல்லை. அந்த நாட்களில் நமது வீடுகளை ஓடவைத்தவர்கள் யார்? பழைய மோட்டரைச் சுற்றித் தந்தவர், உடைந்த பம்பியைப் பொருத்தித் தந்தவர், லேத் பட்டறைக்காரர். அப்போது அவர்களைத் தேடி ஓடினோம். இப்போது நமது பிள்ளை அவர்களைப்போல ஆகிவிடுவானோ என்று பயப்படுகிறோம்.

இரண்டாவது கேள்வி. படிப்பு என்னாவது?

இதற்கு ஆசிரியர்களாகிய நாமும் குற்றவாளிக் கூண்டில் ஏறித்தான் பதில் சொல்ல வேண்டும். கல்வியியற் கல்லூரியில் நமக்கு இரண்டு வருடம் "செய்து கற்றல்" என்று படிப்பித்தார்கள். அதையும் நாம் குறிப்பெழுதித்தான் படித்தோம். வகுப்புக்கு வந்ததும் கரும்பலகையில் வெப்பக் கடத்தாறுச் சமன்பாட்டை எழுதினோம். பிள்ளைகள் பாடமாக்கினார்கள். முழுப்புள்ளியும் எடுத்தார்கள். அந்த முழுப்புள்ளிக்காரரில் ஒருவன் முதல் சனிக்கிழமை வீட்டிலிருந்து எவர்சில்வர் மூடியொன்றைக் கொண்டுவந்தான். "செம்பு விலை சேர், இதால செய்வம், துருவும் பிடிக்கா."

நாம் மறுக்கவில்லை, கணக்குப் போடச் சொன்னோம். 20 மில்லிமீற்றர் சதுரப் பரப்பால் 100 வொட் போகிறது, தகட்டின் தடிப்பு 3 மில்லிமீற்றர். செம்பின் கடத்தாறு 400 அளவு. தகட்டின் இரண்டு பக்கத்துக்கும் இடையில் இரண்டு பாகைக்கும் குறைவான வித்தியாசம். அலுமினியம் என்றால் மூன்று பாகைக்குச் சற்று மேலே. எவர்சில்வரின் கடத்தாறு 16 அளவுதான். வித்தியாசம் 47 பாகை! அவன் மூடியைப் பையில் வைத்தான். அதற்குப் பிறகு அந்தச் சமன்பாட்டை அவனுக்கு நாம் ஞாபகப்படுத்தத் தேவைப்படவில்லை.

இன்னொன்று. தண்ணீரைக் குளிரவைக்க ரேடியேட்டர் வேண்டும். ஜப்பானிலிருந்து நமது நாட்டுக்கு வரும் பழைய வேன்களில் ஹீட்டர் இருக்கும். இந்தக் கரையோர வெயிலில் அதை யார் போடுவார்? ஒருநாளும் பாவிக்காமலேயே பழைய இரும்புக்குப் போய்விடும். அதற்குள் நல்ல சிறிய ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது. இரண்டு கிடைத்தன. ஒன்று பழையது, செம்பும் பித்தளையும். மற்றது புதியது, பாரம் குறைவு, பார்க்க அழகு. எல்லோரும் புதியதைத்தான் கேட்டார்கள். கத்தியால் சுரண்டிப் பார்க்கச் சொன்னோம். வெள்ளை. அலுமினியம். மின்னிரசாயனத் தொடரைத் திறந்தார்கள். செம்பு +0.34, அலுமினியம் -1.66. இரண்டு வோல்ட் வித்தியாசம். இரண்டையும் ஒரே தண்ணீரில் இணைத்தால் அது மின்கலம். அலுமினியம் அரித்துக் கரையும், அந்த அழுக்கு பள்ளங்களை அடைக்கும். ஆகவே அழகில்லாத பழையதை எடுத்தார்கள், கிணற்றுத் தண்ணீரை விட்டுக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றினார்கள்.

பௌதிகம், இரசாயனம், கணிதம் மூன்றும் ஒரு மேசையில். இது பாடமில்லையென்றால் பாடம் எது? 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது எதற்காக? பொறியியற் தொழினுட்பவியல் படிக்கும் பிள்ளை அரத்தைத் தொடக்கூடாது என்றால் அந்தப் பிரிவை மூடிவிடலாம். நீச்சலைக் கடதாசியில் படிப்பித்துக் கடலில் தள்ளிவிடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இசட் ஸ்கோர் முக்கியம். நாம் இல்லையென்று சொல்லவில்லை. பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிய பெற்றோரின் பயம் நியாயமானது. ஆனால் கிழமைக்கு மூன்று மணித்தியாலம்தான் கேட்டோம். ஞாயிறு முழுக்க டியூஷனில் முன்னூறு பேரோடு இருந்து பழைய வினாத்தாளைப் பிரதி பண்ணும் பிள்ளையைப் பற்றி ஒரு கூட்டமும் கூடவில்லையே.

மூன்றாவது கேள்வி. ஆபத்து.

இது நியாயமான கேள்வி. மூன்றிலும் இதற்குத்தான் நாம் மரியாதை கொடுக்கிறோம். ஆம், எங்கள் கட்டி ஒருமுறை ஒழுகியது. அதை மறைக்கவில்லை. ஊரில் பரவிய கதையில் விடுபட்டது, அது எங்கே ஒழுகியது என்பது. கொம்பியூட்டருக்குள் அல்ல, மேசையின் மேலே. புதிய கட்டியை முதலில் வெளியே வைத்து, அடியில் வெள்ளை டிஷ்யூ விரித்து, பம்பியை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம். டிஷ்யூவில் ஒரு புள்ளி ஈரம் தெரிந்தாலும் கழற்றித் திரும்பச் செய்ய வேண்டும். அப்படித்தான் அந்த ஒழுக்கைப் பிடித்தோம். போல்ட்டை அளவுக்கு மிஞ்சி இறுக்கியதால் பெர்ஸ்பெக்ஸ் மூலையில் வெடித்திருந்தது. பம்பி 12 வோல்ட்தான். 230 வோல்ட் எதையும் தண்ணீருக்குப் பக்கத்தில் நாங்கள் விடவில்லை. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் யாரும் துளைப்பானைத் தொடவில்லை. பரீட்சித்ததும் கழிக்கப்பட்ட கொம்பியூட்டரில்தான். பாடசாலை ஆய்வுகூடத்தின் ஒரு இயந்திரத்தையும் நாங்கள் திறக்கவில்லை.

பொறுப்பு யார் என்று கேட்டீர்கள். நாங்கள்தான். அதை அன்றும் சொன்னோம், இன்றும் சொல்கிறோம். ஆனால் பொறுப்போடு ஆபத்தைக் கையாளப் பழக்குவது ஒன்று, கதவைப் பூட்டுவது இன்னொன்று. பூட்டிய அறையில் யாருக்கும் காயம் வராது. யாருக்கும் ஒன்றும் வராது.

கடைசியாக ஒன்று. இது சிலருக்குக் கசக்கும்.

போன பரிசளிப்பு விழா மேடையில் முக்கால் மணித்தியாலம் ஒரு பேச்சு நடந்தது. அல்ஜஸரியைப் பற்றி, பனூ மூஸா சகோதரர்களைப் பற்றி. உலகத்துக்கு இயந்திரம் கற்றுக்கொடுத்த சமூகம் நாம் என்று. கை தட்டினோம். அல்ஜஸரி 1206 இல் எழுதி முடித்த நூலில் ஐம்பது பொறிகள் இருக்கின்றன. தண்ணீர் இறைக்கும் பொறி, தண்ணீர்க் கடிகாரம். ஒவ்வொன்றின் பாகங்களையும் எப்படிச் செய்வது, எப்படிப் பொருத்துவது என்று படம் வரைந்து எழுதியிருக்கிறார். அவர் செம்பு தட்டிய கை. அதே மேடையில் அவருடைய பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டவர்கள், அடுத்த மாதம் அதே வளவுக்குள் செம்பு அராவிய ஏழு பிள்ளைகளின் அறையைப் பூட்டக் கை உயர்த்தினார்கள். எண்ணூறு வருடத்துக்கு முந்திய கைவேலை நமக்குப் பெருமை. நேற்றைய கைவேலை நமக்கு வெட்கம். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

நுழைவாயில் வளைவுக்கு இலட்சக்கணக்கில் சேர்த்த ஊர் இது. அந்த வளைவு அழகானது, நாமும் நமது பங்கைக் கொடுத்தோம். ஆனால் அதற்குக் கீழால் உள்ளே போகும் பிள்ளைக்கு ஒரு வைஸ் இல்லை, ஒரு நல்ல துளைப்பான் இல்லை. இருந்த ஒரு மேசையும் கதிரைகளுக்கு அடியில் கிடக்கிறது.

நாங்கள் கேட்பது பெரிதல்ல.

அந்த அறையின் திறப்பைத் திருப்பித் தாருங்கள். சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணிவரை போதும். கதிரைகளை அடுக்க நாங்களே வேறிடம் ஒழுங்கு செய்து தருகிறோம். பாதுகாப்பைப் பற்றிச் சந்தேகமென்றால் பெற்றோர் இருவர் முறைவைத்து வந்து இருங்கள், சந்தோஷம். ஊரிலுள்ள லேத், வெல்டிங் பட்டறைக்காரக் காக்காமாரே, மாதத்தில் ஒரு நாள் வந்து பிள்ளைகளுக்கு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். எங்களுக்குச் சமன்பாடு தெரியும், உங்கள் கை எங்களிடம் இல்லை. வீட்டில் பழுதான கொம்பியூட்டர் கிடந்தால் எறியாமல் தாருங்கள்.

எதிர்த்துக் கை உயர்த்திய பெரியவர்கள் மீது நமக்குக் கோபமில்லை, வருத்தம்தான். அவர்களுக்கு ஒரேயொரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு தடவை வந்து அந்தக் கட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். 81 பாகை ஏன் வந்தது, 59 எப்படி வந்தது என்று அந்தப் பெண் பிள்ளையிடமே கேளுங்கள். அவள் சொல்லி முடித்த பிறகும் பூட்டத்தான் வேண்டும் என்றால், திறப்பை அவள் முன்னால் வைத்துப் பூட்டுங்கள்.

பகிர விரும்புவோர் முழுமையாகப் பகிருங்கள். பாதியை வெட்டி யாரையும் தாக்கப் பயன்படுத்த வேண்டாம். பிள்ளைகளின் பெயர்களைக் கருத்துகளில் போடவும் வேண்டாம்.